நீலமாகாத சீட்டு

ஊட்டிக் குளிரில் தோசை மாவு தானாகப் பொங்காது. கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி ஊட்டியை ஒட்டின காந்தலுக்கு வந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஆட்டி வைத்த மாவு ஆட்டி வைத்தபடியே கிடக்கும். நான் வார்த்த தோசையைத் தட்டில் போட்டால் சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரர் அதையும் வாய் பேசாமல் சாப்பிட்டார். அக்கம்பக்கத்தில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்: மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்தி அடுப்போரமாக வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் உபரிக் கம்பளி கிடையாது. அவர் வேலை முடிந்து வந்ததும் அவருடைய பழுப்பு ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி வாங்கி, பாத்திரத்துக்கு மாட்டி, இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டுவிடுவேன். விடிந்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அவர் அதே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்.

"பக்கத்துல போய் நின்னாலே, இன்னிக்கு ஊட்டுல இட்லியா தோசையானு கேக்கறாங்க புள்ள," என்பார். அவ்வளவுதான் அவருடைய புகார்.

அவர் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க். நான் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவரிடம் ஒரு குணம் உண்டு, அதுதான் எனக்கு எரிச்சல். எதையும் நன்றாக இருக்கிறதென்று சொல்ல மாட்டார். தோசை எப்படியிருக்குதுங்க என்று கேட்டால் 'ம்' என்பார். மாவு நன்றாகப் பொங்கி, தோசை பஞ்சாக வர ஆரம்பித்த பிறகும் அதே 'ம்'தான். வறட்டி மாதிரி வந்தபோது நன்றாயிருக்கிறது என்று பொய் சொல்லவில்லை, அதனால் பிறகும் சொல்ல வராது போலிருக்கிறது என்று நானே சமாதானம் செய்துகொள்வேன்.

தேயிலை விலை விழுந்தது அந்த நாட்களில்தான். விழுந்தது என்றால் ஒருநாள் விழுந்து மறுநாள் எழுந்திருக்கிற விழுதல் இல்லை, வருஷக்கணக்கில் படுத்த படுக்கை. பறிக்கிற கூலி, பறித்த இலைக்குக் கிடைப்பதைவிட அதிகமாகிவிட்டது. பலர் பறிப்பதையே விட்டுவிட்டார்கள். இடுப்பளவுக்கு வெட்டி வைத்திருந்த செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து, வெள்ளைப் பூவும் காயுமாக நின்றன. டூரிஸ்டுகள் வண்டியை நிறுத்தி அந்தப் பூவோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். ஃபேக்டரி வாரத்தில் சில நாள்தான் ஓடியது. மற்ற நாட்களில் அவர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்.

காந்தலுக்குக் கீழே சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருந்தது, மாமனார் வைத்தது. ஒரு காலையில் என் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் கீழ்ப்பாதிச் செடிகளைப் பெயர்க்க ஆரம்பித்தார். தேயிலை வேர் லேசில் வராது. ஒவ்வொரு செடியோடும் அவர் மல்லுக்கட்டுவதை மேலே பாதையில் நின்று பார்த்தேன். ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் கேட்கவில்லை. "எங்கப்பா வெச்சத நானே எடுத்தர்றேன்," என்றார். அந்த இடத்தில் கேரட் போட்டார். சுற்றுவட்டாரத்தில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

கேரட் வந்ததும் பூச்சி மருந்தும் வந்தது. என்ன மருந்து, எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் கடைக்காரர் வாயிலிருந்து வருவதுதான். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மூடி ஊற்றினால் இங்கே இரண்டு மூடி. மழை பெய்து கழுவிக்கொண்டு போய்விட்டால் மறுபடியும் ஒரு தடவை. கழுவிக்கொண்டு எங்கே போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. சரிவுக்கு அடியில் ஓர் ஊற்று இருக்கிறது. எங்கள் எல்லாருக்கும் குடிதண்ணீர் அதுதான். நான் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிக் கத்துகிறவளுக்கு ஊரில் என்ன மரியாதை கிடைக்குமோ அதுதான் எனக்கும் கிடைத்தது.

அதைக் கண்ணுக்குத் தெரிய வைக்கிற பெட்டி எனக்கு ஒரு மே மாத லீவில் கிடைத்தது. சமவெளியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர்களுக்குப் பயிற்சி வைத்திருந்தார்கள். காயிலும் தண்ணீரிலும் பூச்சி மருந்து மிச்சமிருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்துச் சொல்கிற கருவி ஒன்றை அங்கே செய்திருந்தார்கள். அதை நாலு ஊரில் வைத்துப் பார்த்து, எப்படியிருக்கிறதென்று எழுத ஆள் வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். மலையேறுகிற பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் அது என்ன நகைப் பெட்டியா என்று கேட்கிற அளவுக்கு.

டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். கூடவே ஒரு கட்டுச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. காயைக் கழுவின தண்ணீரைப் பொட்டின் மேல் சொட்டு விட்டு, சீட்டை மடித்து விரல்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொட்டில் ஒரு நொதியைத் தடவியிருப்பார்கள், பூச்சியின் நரம்பில் இருப்பது போன்ற நொதி. தண்ணீர் சுத்தமென்றால் அது வேலை செய்து பொட்டை நீலமாக்கும். மருந்து இருந்தால் அது பூச்சியை முடக்குகிற மாதிரியே நொதியையும் முடக்கிவிடும். பொட்டு வெள்ளையாகவே நிற்கும். சீட்டைப் பெட்டியில் செருகினால் உள்ளே ஒரு சின்ன வெளிச்சம் நீலத்தை அளந்து பார்த்து, சுத்தமென்றால் பச்சை விளக்கும், இல்லையென்றால் சிவப்பு விளக்கும் போடும்.

சாயங்காலமானால் சமையலறையில் அடுப்போரமாக உட்கார்ந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் சோதித்தேன். முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கு, சந்தையில் வாங்கின திராட்சை. பூண்டை மட்டும் நம்பக் கூடாதென்று கண்டுபிடித்தேன். மருந்தே படாத பூண்டும், நசுங்கினால் தன் சாறாலேயே பொட்டை வெள்ளையாக நிறுத்தி வைக்கும். "டீச்சர் காய்க்கு ஜாதகம் பாக்கறாங்க," என்று தெருவில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். எல்லாரும் ஒரே வாரத்தில் மருந்தடித்து, அடுத்து மழையும் பெய்தபோது, ஊற்றுத் தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து வந்து நாலு வீட்டுப் பெண்களை என் சமையலறைக்குக் கூப்பிட்டேன். பொட்டு நீலமாகவில்லை. அதற்குப் பிறகு ஒருவரும் கேலி பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாய்ப்பு வந்தது. குன்னூர்ப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தட்டில் மருந்தடித்த காய் விழக்கூடாது என்று பெற்றோர்கள் பிடிவாதமாக நின்றார்கள். அந்த ஸ்கூலின் மெஸ் மேனேஜர், என் பெட்டியைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, கோட்டும் மஃப்ளருமாக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முன்னால் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், அதனால் எதையும் கண்டிப்பாகத்தான் பேசுவார்.

"சுத்தமான காய் குடுத்தீங்கனா வருஷம் பூராவும் நானே எடுத்துக்கறேன். நல்ல ரேட். ஆனா என் கண் முன்னாடி டெஸ்ட் பண்ணணும். ஒரு மூட்டை தப்பா இருந்தாலும் மொத்த லோடும் வேணாம். ஒண்ணொண்ணா பொறுக்கிக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்ல டீச்சர்."

ஐந்து குடும்பம் சேர்ந்தோம். தேயிலை படுத்துவிட்ட பிறகு எல்லாரும் நம்பியிருந்தது இந்த ஒரு ஆர்டரைத்தான். எங்களில் பெரிய தோட்டம் பக்கத்திலிருந்த படுகர் வீட்டுக்காரருடையது. நிதானமான மனிதர், அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள். கடைசித் துண்டு நிலம் சிலோன் அக்காவுடையது. சின்ன வயதில் அங்கேயிருந்து வந்தவர், இப்போதும் வீட்டை, அங்கே தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டைச் சொல்கிற மாதிரி, லயம் என்றுதான் சொல்வார். அறுவடைக்கு முன்னால் மருந்தையே தொடுவதில்லை என்று பேசி முடித்தோம். பேச்சோடு விடாமல், எல்லார் வீட்டு மருந்து பம்பையும் படுகர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் வைத்துப் பூட்டி, சாவியை அவர் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தோம். அது என் யோசனை. நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

பூச்சி தின்றது போக நின்ற கேரட் நன்றாகவே வந்தது. ஊற்றுத் தண்ணீர் விட்ட பொட்டும் நாளாக ஆக நீலமாகிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்கும்போது நானே பிள்ளை பெற்ற மாதிரி ஒரு பூரிப்பு.

மேனேஜர் வருவதாகச் சொன்ன நாள் வந்தது. அன்று காலையில் உறைபனி. புல்லெல்லாம் உப்பைக் கொட்டின மாதிரி வெளுத்துக் கிடந்தது. படுகர் வீட்டு முற்றத்தில் வாளித் தண்ணீர் மேல் கண்ணாடி போல் ஏடு படிந்திருந்தது. ஐந்து வீட்டு மூட்டைகளும் வரிசையாக நின்றன. மற்ற மூட்டைகளில் மண்ணோடு கேரட். எங்கள் மூட்டையில் மட்டும் ஒரு துளி மண் இல்லாமல் பளபளவென்று இருந்தது. முதல் லோடு, பெண்டாட்டி சோதிக்கிற லோடு என்று என் வீட்டுக்காரர் முந்தின சாயங்காலமே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

கல் மேல் பெட்டியை வைத்து ஆரம்பித்தேன். படுகர் வீட்டுக் கேரட்டைக் கழுவின தண்ணீரைச் சொட்டு விட்டு, சீட்டை மடித்துப் பிடித்தேன். பிரித்தால் வெள்ளை. செருகினேன், சிவப்பு விளக்கு. கை தவறியிருக்கும் என்று சிலோன் அக்காவின் மூட்டையைப் பார்த்தேன். வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. மேனேஜர் மஃப்ளரை இழுத்துக் கட்டிக்கொண்டு, "என்ன டீச்சர்?" என்றார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. யாரும் பெட்டியைப் பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை நாள் ஒன்றாக உட்கார்ந்து பேசினவர்கள், எவன் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டகையைத் திறந்தான் என்று கண்ணாலேயே தேடினார்கள். படுகர் வீட்டுக்காரர் முகம் செத்துப்போய்விட்டது. சாவி அவர் வீட்டில் அல்லவா இருக்கிறது.

"எங்க தண்ணியிலயே மருந்து இருக்குமோ?" என்று சிலோன் அக்கா மெதுவாகக் கேட்டார். "அதைத்தானே புள்ளைங்க குடிக்குது தங்கச்சி?"

எனக்குக் கோபம் வந்தது, கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும். படுகர் வீட்டு ஜீப்புக்கு ஊற்றுகிற பேட்டரித் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கினேன். காய்ச்சி வடித்தது அது, அதைவிடச் சுத்தமான தண்ணீர் இந்த மலையில் கிடையாது. அதைச் சொட்டு விட்டுப் பிடித்தேன். அதுவும் வெள்ளை.

"பேட்டரித் தண்ணிக்கு யாருங்க மருந்தடிச்சாங்க?" என்று மேனேஜரைப் பார்த்துக் கேட்டேன். எனக்கே பதில் தெரியாது. வீட்டில் ஒருநாளும் இப்படிச் செய்யாத பெட்டி, இங்கே வந்து மானத்தை வாங்குகிறது. என்ன வித்தியாசம், என்ன வித்தியாசம் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். ஆறுதல் சொல்லத் தெரியாது அவருக்கு; வந்து நிற்கத்தான் தெரியும். அவருடைய ஸ்வெட்டரிலிருந்து மாவு வாசனை வந்தது.

நான் என் விரல்களைப் பார்த்தேன். நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. வீட்டில் அடுப்போரமாக உட்கார்ந்து பிடித்த விரல்கள், இங்கே ஐஸ் குச்சியாக இருந்தன. பெட்டியைச் செய்தவர்கள் சமவெளிக்காரர்கள். விரல் என்றால் வெதுவெதுப்பாக இருக்கும் என்று நினைத்தவர்கள். மாவைப் பொங்க வைக்கிறதற்கும் பொட்டை நீலமாக்குகிறதற்கும் வெதுவெதுப்பு வேண்டும். நொதி செத்துப் போகவில்லை, குளிரில் தூங்குகிறது.

"ஏனுங்க, ஸ்வெட்டரைக் கழட்டுங்க," என்றேன்.

"இங்கயா?" என்றார். ஆனால் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

சிலோன் அக்கா ரொட்டி கொண்டுவந்திருந்த அடுக்கு டிபன் கேரியரை வாங்கினேன். அடித்தட்டில் டீ கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றி, கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்தேன். கொதிக்கிற தண்ணீர் என்றால் நொதி வெந்தே போய்விடும். ஐந்து வீட்டுக் கேரட் தண்ணீரும் பேட்டரித் தண்ணீரும் சொட்டு விட்ட புதுச் சீட்டுகளை மேல்தட்டில் அடுக்கி மூடி, கேரியருக்கு ஸ்வெட்டரை மாட்டி, கைகளை முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டேன். மேனேஜர் அதைப் பார்த்த பார்வையில், எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று எழுதி ஒட்டியிருந்தது. காத்திருந்து பிரித்தேன். பேட்டரித் தண்ணீர்ச் சீட்டில் பொட்டு நல்ல நீலமாக இருந்தது.

பின்னாளில் இதை ஆராய்ச்சிக்கூடத்துக்கு எழுதி அனுப்பினதற்குப் பிறகு வந்த பெட்டிகளில், சீட்டு வைக்கிற இடத்தில் சூடேற்றுகிற ஒரு தகடும் சேர்ந்து வந்தது. அதில் என் பெயரும் இல்லை, ஸ்வெட்டரின் பெயரும் இல்லை. யாருடைய தகடு அது என்று எனக்குத் தெரியும்.

படுகர் வீட்டுச் சீட்டு நீலம். பச்சை விளக்கு. அவர் அப்போதுதான் மூச்சே விட்டார். சிலோன் அக்காவுடையது நீலம். மற்ற இரண்டு வீடும் நீலம். முற்றத்தில் யாரோ டீ ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியாக எங்கள் சீட்டு. பிரித்தேன். வெள்ளை.

மேனேஜர் இதற்குள் மனம் இளகியிருந்தார். தேவையும் இருந்தது அவருக்கு; மெஸ்ஸில் கேரட் தீர்ந்து இரண்டு நாளாயிற்றாம். "அது ஓரத்துல இருந்திருக்கும். சூடு பத்தலபோல டீச்சர்," என்று அவராகவே சொன்னார்.

எல்லார் முகமும் என் பக்கம் திரும்பின. ஆமாங்க, சூடு பத்தலை என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். காலையிலிருந்து அத்தனை சீட்டும் குளிரில் வெள்ளையாக நின்றதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆமாம் என்றால் ஐந்து வீட்டுக்கும் வருஷம் முழுக்க ஆர்டர். இல்லை என்றால் ஒருவருக்கும் இல்லை. என் வீட்டுக்காரர் வெறும் சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா பாக்கறேனுங்க," என்றேன். எங்கள் சீட்டை நட்டநடுவில் வைத்து, ஒரு பக்கம் பேட்டரித் தண்ணீர், மறுபக்கம் சிலோன் அக்காவின் கேரட். புதிதாக வெந்நீர் ஊற்றி, ஸ்வெட்டரை இறுக்கிக் கட்டினேன். அந்த நேரம் நகரவேயில்லை. பிரித்தபோது இரண்டு பக்கமும் நீலம். நடுவில் வெள்ளை.

"இது குளிர் இல்லைங்க. இதுல மருந்து இருக்குது," என்றேன்.

"யாரோடது?"

"எங்க ஊட்டுது."

சிலோன் அக்கா என் பக்கத்தில் வந்து, "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே தங்கச்சி," என்று முணுமுணுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

படுகர் வீட்டுக்காரர் சாவியை எடுத்து வந்து கொட்டகையைத் திறந்தார். பம்புகள் வைத்தது வைத்தபடி இருந்தன, எங்கள் பம்பின் கைப்பிடியில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"நான் அடிக்கல," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அதை நம்பினேன். தோசை நன்றாயிருக்கிறதென்று கட்டின பெண்டாட்டியிடம் ஒரு பொய் சொல்லத் தெரியாதவர், ஊருக்கு முன்னால் எப்படிச் சொல்வார்? பெட்டியும் பொய் சொல்லவில்லை. மறுபடி மூட்டைகளைப் பார்த்தேன். மண்ணும் சேறுமாக நாலு மூட்டை. பளபளவென்று எங்கள் மூட்டை.

"எதுல கழுவுனீங்க?"

"நம்ம நீல டிரம்முல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். மருந்து கலக்கிப் பம்பில் ஊற்றுவதற்கென்று வைத்திருந்த டிரம் அது. அத்தனை பேரும் பம்பைக் கொண்டுவந்து கொடுத்தோம். டிரம்மை யாரும் நினைக்கவில்லை, யோசனை சொன்ன நானும் நினைக்கவில்லை. இரண்டு மூன்று தரம் அலசிவிட்டுத்தான் கேரட்டைப் போட்டிருக்கிறார். பிளாஸ்டிக்கில் ஊறின மருந்து அலசினால் போகுமா? மண்ணோடு கொண்டுவந்திருந்தால் எங்களுடையதும் நீலம்தான். என் கையில் கொடுக்கிற கேரட் சுத்தமாக இருக்க வேண்டுமென்று தேய்த்துத் தேய்த்துக் கழுவி, அதில் விஷத்தை ஏற்றியிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் விடுவிடுவென்று சரிவில் இறங்கிப் போனார். ஒரு சொம்பில் டிரம்மை அலசின தண்ணீரும், மண்ணோடு பிடுங்கின நாலு கேரட்டுமாகத் திரும்பி வந்து என் முன்னால் வைத்தார். மூச்சு வாங்கியது. "பாரு," என்றார். டிரம் தண்ணீர் வெள்ளை. மண் கேரட் நீலம். அவரே குனிந்து இரண்டு விளக்கையும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு எங்கள் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், மாடுகூட வாய் வைக்காத இடமாகப் பார்த்துக் குழி வெட்டிக் கொட்டி மூடினார்.

மேனேஜர் இதையெல்லாம் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். குடிக்கவில்லை. டீ ஆறிப்போயிருக்கும்.

"ஒரு மூட்டை தப்புன்னா மொத்தமும் வேணாம்னு சொல்லியிருந்தீங்க," என்றார் படுகர் வீட்டுக்காரர். கெஞ்சவில்லை, பேசினபடி நடக்கட்டும் என்கிற குரல்.

"சொன்னேன்," என்றார் மேனேஜர். டம்ளரைக் கல் மேல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "உண்மையைச் சொன்னா எனக்கு இந்தப் பெட்டி மேல நம்பிக்கையே போயிடுச்சு. காலையில இருந்து அது பண்ணின கூத்தைத்தான் பாத்தேனே. ஆனா டீச்சர், உங்க சொந்த வீட்டு மூட்டையையே தப்புன்னு சொல்றவங்க, மத்த நாலும் நல்லதுன்னா அது நல்லதாத்தான் இருக்கும். நாலையும் ஏத்தச் சொல்லுங்க. உங்களது அடுத்த வாரம், மண்ணோட."

அதற்கப்புறம் முற்றத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சிலோன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை, நானும் விடுவிக்கவில்லை. நாலு மூட்டையும் ஸ்கூல் வேனில் ஏறின. உறைபனிக் காலையில் டீசல் வண்டி லேசில் கிளம்பாது. டிரைவர் சாவியைத் திருப்பத் திருப்ப அது முனகிவிட்டு நின்றது. "தள்ளணுங்க," என்று கத்தினார் டிரைவர்.

முதலில் போய்க் கை வைத்தவர் என் வீட்டுக்காரர். எங்கள் வீட்டுக் கேரட் ஒன்றுகூட அந்த வண்டியில் இல்லை. வெறும் சட்டையோடு, கால் வழுக்குகிற பனிப்புல்லில் ஊன்றி, தோளைக் கொடுத்துத் தள்ளினார். படுகர் வீட்டுக்காரர் ஓடிப்போய் மறுபக்கம் கை வைத்தார். பாதை இறங்குகிற இடத்தில் வண்டி உதறிக்கொண்டு கிளம்பி, கரும்புகையை என் வீட்டுக்காரர் முகத்தில் ஊதிவிட்டுப் போனது. அது வளைவில் மறைகிற வரைக்கும் நின்று பார்த்தார். அந்த நிமிஷம் அவரைப் பார்த்து எனக்கு வந்த பெருமையை, டிகிரி வாங்கின அன்றுகூட என்னைப் பற்றி நான் பட்டதில்லை.

திரும்பி வந்தவர் கையை நீட்டினார். கேரியரிலிருந்து ஸ்வெட்டரை அவிழ்த்துக் கொடுத்தேன். முடிச்சுப் போட்ட கைகள் நீண்டுபோயிருந்தன. வெதுவெதுப்பு இன்னும் அதில் இருந்தது. என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதைத் தலை வழியாக மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒட்டின புகையைக் கையால் துடைத்தார். கல் மேலிருந்த வெள்ளைச் சீட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாப் பாத்த புள்ள," என்றார்.